நடக்க முடிந்தவர்களின் வரலாறு

புகலிடத்தில் நாம் எழுதிவரும் வரலாறு குறித்து எனக்கு நெடுநாளாக ஓர் ஐயம் உண்டு. யார் எந்த ஆண்டு எந்த எல்லையைக் கடந்தார், எந்த ஏஜென்சிக்காரனுக்கு எவ்வளவு கொடுத்தார், எந்த நகரில் எந்த இயக்கத்திலிருந்து பிரிந்தவர்கள் எந்தச் சஞ்சிகையை நடத்தினார்கள் என்பதெல்லாம் பக்கம் பக்கமாகப் பதிவாகியிருக்கின்றன. வேண்டியவைதான். ஆனால் இவற்றை எழுதிய அனைவரும் நடக்க முடிந்தவர்கள். ஓட முடிந்தவர்கள், மதில் ஏறிக் குதிக்க முடிந்தவர்கள், பனியில் இரவிரவாக நிற்க முடிந்தவர்கள். மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று நான் என்னைக் கேட்டுக்கொண்டது ஒக்லாந்தில் ஒரு வானின் பின்கதவடியில்.

நான் ஊரில் வரலாறு படிப்பித்தவன். 1998இல் இங்கு வந்தபின் அந்தப் பட்டத்தை எவரும் பொருட்படுத்தவில்லை. என்னைப் போன்றவர்களுக்குத் திறந்திருந்த கதவு ரக்சி. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1989இல் நியூசிலாந்து அரசாங்கம் போக்குவரத்துச் சேவைச் சட்டமொன்றின் மூலம் ரக்சிகளின் எண்ணிக்கைக்கு இருந்த கட்டுப்பாட்டை நீக்கியது. தாராளமயத்தின் உச்சகாலம் அது. இரண்டு ஆண்டுகளில், 1991இல், புள்ளிமுறைக் குடிவரவு வந்தது. படித்தவர்கள் வரலாம் என்றது ஒரு திணைக்களம். அவர்களது படிப்பை ஏற்க மறுத்தன தொழில் அமைப்புகள். இவ்விரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட டொக்டர்களும் எஞ்சினியர்களும் ஆசிரியர்களும் ஒக்லாந்து விமான நிலைய வரிசையில் ரக்சிகளோடு நின்றார்கள். தெருக்களை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினேன். இந்தப் பரீட்சை 2017இல் எடுபட்டுவிட்டது. சில ஆண்டுகள் சாதாரண ரக்சி ஓட்டியபின், சக்கர நாற்காலி ஏற்றும் வானுக்கு மாறினேன். வயோதிபர்களையும் இயலாதவர்களையும் ஏற்றி இறக்குவது இப்போது இருபது ஆண்டுக்கால வேலை.

வேலையைச் சற்று விளக்க வேண்டும். வானின் பின்புறத்தில் மின்சாரத்தால் இயங்கும் ஒரு தூக்குத்தட்டு இருக்கும். ஹொய்ஸ்ட் என்போம். நாற்காலியை அதில் ஏற்றிப் பிரேக் போட்டு மெல்ல உயர்த்தி உள்ளே தள்ளி, நான்கு மூலைகளிலும் நான்கு பட்டிகளால் தரையோடு பிணைக்க வேண்டும். கொளுக்கியைச் சில்லில் மாட்டக் கூடாது, நாற்காலியின் சட்டகத்தில்தான் மாட்ட வேண்டும். பிறகு பயணிக்குத் தனியாக ஒரு பட்டி. பழகிய கைக்கு ஐந்து நிமிடம், மழையில் பத்து. இந்த நேரத்தில் மற்ற ரக்சிக்காரர் ஒரு சவாரியையே முடித்துவிடுவார். அதனால் இவ்வேலைக்குச் சாரதிகள் குறைவு. காலை எட்டரைக்கும் பிற்பகல் மூன்றுக்கும் வான்களில் பல, விசேட தேவையுள்ள பிள்ளைகளின் பாடசாலை ஒப்பந்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே அந்த நேரத்தில் ஒரு முதியவர் ஆஸ்பத்திரிக்குப் போக விரும்பினால் அவரது நோய் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இரவு பத்து மணிக்குப் பிறகு நகரில் சக்கர நாற்காலிக்காரர் எவரும் விருந்தில் இல்லை என்று சாதாரண மக்கள் நினைக்கக்கூடும். வான் இல்லை என்பதே காரணம்.

கட்டணத்தின் பெரும்பகுதி 'ரோட்டல் மொபிலிற்றி' என்ற திட்டத்தின் கீழ் வருகிறது. தனியாகப் பஸ்ஸில் போக முடியாதவர் என்று மதிப்பீடு செய்யப்பட்டவருக்கு ஓர் அட்டை. முன்பு கடதாசிச் சீட்டுகள் இருந்தன; பயணி கையெழுத்து வைக்க முடியாவிட்டால் நாங்கள் அவரது கையைப் பிடித்து வைப்பித்த நாட்களும் உண்டு. பல தசாப்தங்களாகக் கட்டணத்தில் அரைவாசியை அரசும் நகரசபையும் ஏற்றன. 2022இல் அது முக்கால் பங்காகியது. 2025 டிசம்பரில் அதை 65 வீதத்துக்குக் குறைக்கப்போவதாக அரசாங்கம் அறிவித்தபோது, வானில் ஏறிய ஒவ்வொருவரும் என்னிடம் கணக்குப் பார்த்தார்கள். வாரம் ஒருமுறை மகளிடம் போகிறவர் மாதம் மூன்றுமுறை போகலாமா என்பது போன்ற கணக்குகள்.

இத்திட்டம் 1980களின் தொடக்கத்தில் உருவானது. 1981ஐ ஐக்கிய நாடுகள் சபை உலக ஊனமுற்றோர் ஆண்டாகப் பிரகடனம் செய்தது. அந்த ஆண்டு நியூசிலாந்துத் தொலைக்காட்சி 24 மணிநேர நிகழ்ச்சியொன்றை நடத்தி இதற்காகவே மக்களிடம் பல மில்லியன் டொலர் திரட்டியது. நமக்கு 1981 என்றால் நூலகம் எரிந்த ஆண்டு. இங்குள்ளோரில் பலருக்கு அது தென்னாபிரிக்க றக்பி அணியின் வருகையால் வீதியெங்கும் அடிதடி நடந்த ஆண்டு. என் வயோதிபப் பயணி ஒருவருக்கோ அது அவர் முதன்முதலாகத் தனியே படம் பார்க்கப் போவதற்கு வழி பிறந்த ஆண்டு. எந்த ஆண்டு எதற்கு முக்கியமானது என்று யார் தீர்மானிப்பது? பாடப்புத்தகம் எழுதுபவர்கள்தான், நானும் உட்பட.

ஆனால் இது தானதர்மத்தின் வரலாறாக மட்டும் இருக்கவில்லை. 1978 யூலையில் அமெரிக்காவின் டென்வர் நகரில் பத்தொன்பது ஊனமுற்றவர்கள் பஸ்களின் முன்னாலும் பின்னாலும் சக்கர நாற்காலிகளை நிறுத்தி, இரவு முழுவதும் நடுவீதியில் கிடந்தார்கள். தமக்குத் தனி வண்டி வேண்டாம், எல்லோரும் போகும் பஸ்ஸில் ஏற வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. 1990இல் வந்த அமெரிக்கச் சட்டம் இரண்டையும் கட்டாயமாக்கியது: பஸ்ஸில் ஏற வழி, அதிலும் ஏற இயலாதவருக்கு இணையான தனி வண்டி. நியூசிலாந்தில் 1993இன் மனித உரிமைச் சட்டம் ஊனத்தை முன்னிட்டுப் பாகுபாடு காட்டுவதைத் தடுத்தது. எனினும் 2005இல் மனித உரிமை ஆணைக்குழு விசாரித்தபோது பஸ்களும் ரயில்களும் பலருக்கு மூடிய கதவுகளாகவே இருந்தன. ஒக்லாந்தில் தாழ்தளமுள்ள மின்சார ரயில் 2014இல்தான் ஓடியது. என் வான் ஒரு விதத்தில் பொதுப் போக்குவரத்தின் தோல்வியில் பிழைக்கும் வண்டி. இதைச் சொல்லும்போது என் சோற்றில் நானே மண் போடுவதாக மனைவி சிரிப்பார்.

அந்நாட்டுச் சமூகநலனை நம்மில் சிலர் பூரண அரசாகப் புகழ்வதுண்டு. அவர்கள் ஒருநாள் என் பக்கத்து ஆசனத்தில் இருந்து வரவேண்டும். 1967இல் நீதியரசர் வுட்ஹவுஸ் தலைமையிலான ஆணைக்குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. விபத்தில் காயமடைந்த எவருக்கும், யார் பிழை என்று கேளாமல், சமூகம் முழுவதுமே பொறுப்பேற்க வேண்டும் என்றது அது. 1974 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. உலகில் அதற்கு நிகரானது அரிது. சுற்றுலா வந்தவர் விழுந்தாலும் பார்ப்பார்கள். ஆனால் விபத்து மட்டுமே. நோய் அதற்குள் வராது. காலையில் நான் ஏற்றும் ஒருவர் கூரையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவர். சிகிச்சைக்குப் போகும் ரக்சி, வீட்டுச் சரிவுப்பாதை, பராமரிப்பாளர், இழந்த சம்பளத்தில் எண்பது வீதம், எல்லாம் கிடைக்கின்றன. அடுத்து ஏற்றுபவர் பாரிசவாதத்தால் அதே நிலைக்கு வந்தவர். அவருக்கு அட்டையும் ஒரு சிறிய உதவிப்பணமும். இருவருக்கும் ஒரே மாதிரி நாற்காலி, நான் போடுவது அதே நான்கு பட்டி. இந்த இடைவெளியை நிரப்ப 1975இல் இன்னொரு சட்டம் கொண்டுவந்தார்கள், நிரம்பவில்லை. ஒருநாள் இரண்டாமவர் சொன்னார்: "நான் ஏணியில் ஏறியபின் இரத்தக்குழாய் வெடித்திருக்கலாம்." அவர் பகிடியாகத்தான் சொன்னார்.

இதற்கும் பின்னோக்கிப் போனால் இன்னும் சுவையான விஷயங்கள் கிடைக்கின்றன. 1882இல் இந்நாட்டில் ஒரு சட்டம் நிறைவேறியது. அதன் பெயரைத் தமிழில் 'மந்தபுத்திப் பயணிகள் சட்டம்' என்று சொல்லலாம். பைத்தியம், குருடு, செவிடு, ஊமை, இயலாமை உள்ள ஒருவர் பொதுப்பணத்துக்குப் பாரமாகலாம் என்று கருதப்பட்டால், அவரை இறக்கும் கப்பலின் பொறுப்பாளர் பிணை எழுதிக் கொடுக்க வேண்டும். அதாவது 'பயணி' என்ற சொல்லோடு 'பாரம்' என்ற சொல் இங்கு நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே பிணைக்கப்பட்டுவிட்டது. முதன்முதலில் இதை வாசித்தபோது, அந்தக் கப்பல் தலைவனின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன்.

1898இல் பிரதமர் செடன் முதியோர் ஓய்வூதியச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட வறியவர்களுக்கு ஆண்டுக்கு 18 பவுண். நல்லொழுக்கம் வேண்டும், இருபத்தைந்து ஆண்டு வசித்திருக்க வேண்டும். சீனர்களுக்கும் பிற ஆசியர்களுக்கும் இல்லை. பிரஜாவுரிமை பெற்றிருந்தாலும் இல்லை. சட்டத்திலேயே அப்படி எழுதியிருந்தது. பொன் சுரங்கத்தில் முதுகொடிந்த சீனக் கிழவர்கள் அக்காலத்தில் தலைவரியும் கட்டிக்கொண்டு வந்தவர்கள். ஓய்வூதியத்தில் அந்த ஆசியத் தடை 1936இல்தான் நீங்கியது. தலைவரிக்கு 2002இல் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. இன்று ஒரு ஆசியன், அந்தச் சட்டத்தை இயற்றியவர்களின் கொள்ளுப்பேத்திகளை ஏணைபோலத் தூக்கி வானில் வைக்கிறான். இதில் பெருமைப்படவோ பழிதீர்த்ததாக நினைக்கவோ எதுவுமில்லை. அந்தப் பெண்மணிகளில் ஒருவர் என் பெயரைச் சரியாக உச்சரிக்க மூன்று வாரம் பயிற்சி எடுத்தார்.

எல்லையில் இன்றும் அந்தப் பிணை இருக்கிறது, பெயர்தான் மாறியிருக்கிறது. வதிவிடம் கேட்பவர் 'ஏற்கத்தக்க உடல்நிலை' உடையவராக இருக்க வேண்டும். அவரால் மருத்துவத்துக்கு ஆகும் செலவு ஒரு தொகையை மீறக் கூடாது. அந்தத் தொகை 41,000 டொலராக இருந்து 2022இல் 81,000 ஆக உயர்ந்தது. முழுநேரப் பராமரிப்பு தேவைப்படுவோரும், சிறுநீரகம் செயலிழந்து இரத்தச் சுத்திகரிப்புச் செய்வோரும் ஏற்கனவே செலவுமிக்கோர் பட்டியலில் உள்ளவர்கள். என் வானில் ஒட்டாரா, மாங்கரே பகுதிகளிலிருந்து கிழமைக்கு மூன்று நாள் சுத்திகரிப்புக்குப் போகும் சமோவா, தொங்கா நாட்டு முதியவர்கள் உண்டு. 1960களில் தொழிற்சாலைகளுக்காக அழைக்கப்பட்டவர்கள். 1970களின் நடுவில் வேலை குறைந்ததும் விடியற்காலையில் பொலிஸ் கதவைத் தட்டித் தேடியது இவர்கள் சமூகத்தைத்தான். அதற்கு 2021 ஓகஸ்டில் ஒக்லாந்து நகரமண்டபத்தில் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். அன்று அங்கு போக விரும்பிய ஒருவரை நான் ஏற்ற வேண்டியிருந்தது. அவரது சுத்திகரிப்பு நாள் குறுக்கே வந்தது. போகவில்லை. அவரது தம்பி இதே நோயோடு வதிவிடம் கேட்டால் கிடைக்காது என்பதை அவர் நன்கு அறிவார்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1959இல், உலக அகதிகள் ஆண்டு தொடங்கியபோது, ஐரோப்பிய முகாம்களில் எவரும் ஏற்காமல் கிடந்த, ஊனமுற்ற உறுப்பினரைக் கொண்ட குடும்பங்களை முதலில் ஏற்க முன்வந்த நாடுகளில் நியூசிலாந்தும் ஒன்று. பின்னர் ஆண்டுதோறும் வரும் அகதிகள் ஒதுக்கீட்டில் நோயாளர், ஊனமுற்றோருக்கென்றே 75 இடங்கள் வைத்தார்கள். மாங்கரேயிலுள்ள அகதிகள் நிலையத்துக்கு நானும் வானைக் கொண்டு போயிருக்கிறேன். ஒரே நாட்டின் ஒரு கை பட்டியலை நீட்டுகிறது, மறு கை தூக்குத்தட்டை இறக்குகிறது. எது உண்மையான நியூசிலாந்து என்று கேட்பவர்கள் வரலாறு படிக்காதவர்கள்.

இதுவரை எழுதியது பிறருடைய வரலாறு. நம்முடையதற்கு வருவோம்.

ஒரு வெள்ளிக்கிழமை சான்ட்றிங்கத்தில் ஓர் அம்மாவை ஏற்றினேன். எண்பதைத் தாண்டியவர். கோயிலுக்கு. அட்டை எடுத்துத் தர மகனுக்கு மனமில்லையாம். ஊனமுற்றோர் பதிவில் தாயின் பெயர் இருப்பது கௌரவக் குறைவு. பேத்திதான் விண்ணப்பம் நிரப்பினாள். பட்டியை மாட்டிக்கொண்டிருக்கும்போது என் தலைக்கு மேலிருந்து குரல் வந்தது.

"தம்பிக்கு எவடம்?"

"கொக்குவில், அம்மா."

"கிழக்கோ, மேற்கோ?"

இதற்குப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி தகப்பன் பெயர் என்பது நமக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தேன். மவுண்ட் ஆல்பர்ட் றோட்டில் சிக்னலில் நிற்கும்போது அவராகவே தொடங்கினார்.

"தொண்ணூற்றைஞ்சில வெளிக்கிடேக்குள்ள, என்ர மாமியாரை விட்டிட்டு வந்தனான். படுத்த படுக்கை. தூக்கிக்கொண்டு போக ஆக்கள் இல்லை. தண்ணிக் குடத்தைக் கிட்ட வைச்சிட்டு, 'நாளைக்கு வாறம்' எண்டு சொன்னனான். இப்ப என்னை ஒரு பெடியன் மெஷினில ஏத்தி இறக்கிறான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. பச்சை விழுந்தும் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹோர்ண் அடித்தார்கள்.

1995 ஒக்ரோபர் 17இல் ரிவிரெச நடவடிக்கை தொடங்கியது. 30ஆம் திகதி மாலை ஒலிபெருக்கி அறிவித்தல் வந்ததும் வலிகாமம் முழுவதும் கிளம்பியது. ஐந்து லட்சம் பேரளவில் என்று நாம் எழுதுகிறோம், பேசுகிறோம். மழை, இருட்டு, நாவற்குழிப் பாலம், அடிமேல் அடி வைத்து நகர்ந்த சனம். எல்லாம் பதிவாகியுள்ளது. கவிதையாகவும் வந்துவிட்டது. அந்த 'முழுவதும்' என்ற சொல்லைத்தான் நான் கேள்விக்குள்ளாக்குகிறேன். முழுவதும் கிளம்பவில்லை. வீட்டுக்கு வீடு கட்டிலில் ஒருவர் இருந்தார்.

எங்கள் வீட்டில் இருந்தவர் என் அப்பாவின் தமக்கை. என்னை வளர்த்தவர். பாரிசவாதம் வந்து ஏழு ஆண்டு. இரண்டு சைக்கிள் இருந்தன. ஒன்றில் அம்மாவை இருத்தி உருட்டினோம். மற்றதன் கரியரில் ஒரு மூட்டை அரிசியும், என் பட்டச் சான்றிதழ்களும், நான் சேகரித்து வைத்திருந்த குறிப்புப் புத்தகங்கள் ஒரு பெட்டியும். மாமியை அதில் இருத்திக் கட்டியிருக்க முடியுமா என்று முப்பது ஆண்டுகளாகக் கணக்குப் பார்த்திருக்கிறேன். நான்கு பட்டி இருந்திருந்தால் முடிந்திருக்கும். சாரக்கயிறும் சேலையும் இருந்தன, அவற்றாலும் முடிந்திருக்கலாம். இரண்டு நாளில் திரும்பி வந்து கூட்டிப்போவது என்று முடிவெடுத்தோம். முடிவெடுத்தது நான். தென்மராட்சியிலிருந்து திரும்ப முடியவில்லை. 1996 மே மாதத்தில் வீட்டுக்கு வந்தபோது, போகாமல் நின்ற அயல்வீட்டுக் கிழவர் முருங்கையடியைக் காட்டினார். கார்த்திகை மூன்றாம் கிழமை என்றார். அவரும் இன்னொரு முதியவருமாகக் கிண்டினார்களாம். ஆழமாகக் கிண்டப் பலமில்லை என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

இதை நான் ஒக்லாந்தில் எவருக்கும் சொன்னதில்லை. வரலாற்று ஆசிரியன் என்ற முறையில் இடப்பெயர்வு பற்றி மூன்று கட்டுரை எழுதியிருக்கிறேன். மூன்றிலும் அவர் இல்லை.

அந்த அம்மாவை ஏற்றிய பிறகு ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். வானில் ஏறும் நம்மவர்களிடமும், கோயிலில் காண்பவர்களிடமும் கேட்கிறேன். இரண்டு ஆண்டில் முப்பத்தொரு பேர் சொன்னார்கள். பெரும்பாலும் பெண்கள். அழுதவர்கள் குறைவு; ஒருவர் கேட்கும்வரை காத்திருந்ததுபோல விபரமாகச் சொன்னவர்களே அதிகம். யார் உணவு கொடுத்தார் என்பது உட்பட. நின்ற முதியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தடியூன்றி நடக்கக்கூடிய ஒருவர் நான்கு வீடுகளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோயிருக்கிறார். ஒரு சமூகம் ஓடிய பின்னர் ஓடாதவர்கள் சில மாதங்கள் இன்னொரு சமூகத்தை நடத்தியிருக்கிறார்கள். அதைப்பற்றி நம்மிடம் ஒரு வரி இல்லை.

இம்முயற்சியை நண்பர்கள் இருவரிடம் சொன்னேன். ஒருவர், இராணுவத்தின் குற்றத்தை நாம் நம் தலையில் போட்டுக்கொள்வதாகும் என்றார். மற்றவர், அறிவித்தல் கொடுத்தவர்களை விட்டுவிட்டு ஓடியவர்களை விசாரிப்பது அரசியல் கோழைத்தனம் என்றார். இருவரும் வேறு வேறு முகாம். இருவருக்கும் கட்டிலில் கிடந்தவர் ஒரு வாதத்துக்கான சாட்சி மட்டுமே என்பதில் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. ஷெல் அடித்தவர் யார், போகச் சொன்னவர் யார் என்று நானும் அறிவேன். அவற்றை எழுத ஆட்கள் இருக்கிறார்கள். குடத்தில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று எழுத ஆளில்லை. 2009இல் வன்னியில் நடந்ததற்கும் இக்கேள்வியை நீட்டலாம், நீட்டவேண்டும். அதற்கு என்னிடம் தகவல் இல்லை, அங்கிருந்து வந்தவர்கள் இவ்விதழின் வாசகரிடையே உண்டு.

கொப்பியில் ஆறு நிரல்கள்: ஊர், உறவு, வயது, இயலாமை, கூட நின்றவர், பின்பு நடந்தது. பெயர் எழுதுவதில்லை, கேட்டால் மட்டும் எழுதுகிறேன். ஐரோப்பாவிலும் கனடாவிலும் உள்ளோர் தமக்குத் தெரிந்ததை ஆசிரியர் முகவரிக்கு எழுதி அனுப்பினால் சேர்த்துக்கொள்வேன். முதல் வரியை நெடுநாள் வெறுமையாக விட்டிருந்தேன். போன மாதம் நிரப்பினேன். வயது என்ற இடத்தில் மட்டும் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. மாமி பிறந்த ஆண்டைச் சொல்லக்கூடிய எவரும் இப்போது உயிரோடு இல்லை.